நான்காவது மூலை

மாலை ஐந்து நாற்பதுக்குத் தொப்பிக்காரனின் விளக்கு எரிந்தது.

அக்கா விளையாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை. திரையில் தொப்பிக்காரன் தாழ்வான சுரங்கத்துக்குள் குனிந்தபடி பாறையைக் கொத்திக்கொண்டே நகர்ந்தான். அவன் தொப்பியிலிருந்து மஞ்சள் வெளிச்சம் விசிறி போல முன்னால் விழுந்தது. சுரங்கம் முடிந்து அவன் நிமிர்ந்ததும் அணைந்தது.

"டேய்," என்றாள். "நீ எதையாச்சும் அமுக்கினியா?"

"நான் இங்க இருக்கேன்." தம்பி வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அப்ப யாரு அமுக்கினது?"

அவன் ஒற்றை ஷூவோடு வந்தான். இருவரும் அவளுடைய வலது கையைப் பார்த்தார்கள். நான்கு விரல்களும் நான்கு கீகளின் மேல் கிடந்தன. கடைசி கீ விளக்குக்கானது. அதன் மேல் சுண்டுவிரல். தினமும் இடது கையால் அதைத் தூக்கி அங்கே வைப்பாள். அது வைத்த இடத்தில் இருக்கும்.

"இன்னொரு தடவை போக்கா."

அவள் போனாள். அதே சுரங்கம். முன்னே போக ஒரு கீ, குனிய ஒரு கீ, இரண்டும் இடது கையில். கொத்த ஒரு கீ, வலது ஆள்காட்டி விரலில். விளக்கு எரிந்தது.

அக்கா அழவில்லை. வலது கையை மடியில் எடுத்து வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லாத," என்றாள். "அவர் வரட்டும்."

ஆறு மாதம் முன்பு வரை அவள் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினாள். இடது கைக்கு ஸ்டீயரிங். வலது கைக்கு நான்கு லீவர்கள்: தூக்க, சாய்க்க, பக்கவாட்டில் தள்ள, முட்களை அகட்ட. மற்ற ஓட்டுநர்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுப்பார்கள். அக்கா நான்கு விரல்களையும் நான்கு லீவர்களின் மேல் வைத்திருப்பாள். கை நகராது, விரல்கள் மட்டும் நகரும். சரக்கு உயர்ந்துகொண்டே சாயும், சாய்ந்துகொண்டே நகரும். கிடங்கில் அவளுக்கு ஆர்மோனியம் என்று பெயர். சூப்பர்வைசர் ஒலிபெருக்கியிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் அடுக்கிலிருந்து சரிந்த பெட்டி அவள் முழங்கையின் மேல் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் அப்படியே நின்றுவிட்டன. மோதிர விரல் கொஞ்சம் அசைய ஆரம்பித்தது. சுண்டுவிரல் அசையவில்லை. அதற்கும் அதன் கீழே உள்ளங்கை ஓரத்துக்கும் சூடு, குளிர், தொடுகை எதுவும் தெரியாது. ஒருமுறை கெட்டிலில் பட்டுக் கருகிய வாசம் வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

கம்பெனி வேறு வேலை தருவதாகச் சொன்னது. கேட்டில் உட்கார்ந்து லாரிகளுக்குத் தடுப்பைத் தூக்கி இறக்குவது. ஒரே ஒரு பட்டன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் ஓட்டுநர் இடம் போய்விடும். வேண்டாம் என்றால் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் கையைப் பார்ப்பார். விரல்கள் வேலை செய்தால் வண்டி. செய்யாவிட்டால் வண்டியும் இல்லை, கேட்டும் இல்லை. கேட்டுக்கு இன்னொருவர் காத்திருந்தார். அவருக்குக் காலில் அடி.

தம்பி இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் போனில் பதில் சொல்பவன். ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க என்பதுதான் நாள் முழுக்க அவன் பேச்சு. அக்கா ஒருநாள் தன் கையை நீட்டி, "இத எங்கடா ஆஃப் பண்ணணும்?" என்று கேட்டாள். அந்த வாரம் அவன் எமுலேட்டரைக் கண்டுபிடித்தான். பழைய கேம் பெட்டியைப் போலக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் புரோகிராம். சின்ன வயதில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஆடிய தொப்பிக்காரன் அதில் கிடைத்தான்.

அந்தப் பெட்டிக்குக் கைப்பிடியும் பட்டன்களும் உண்டு. கம்ப்யூட்டருக்கு கீபோர்டுதான். எந்தப் பட்டனுக்கு எந்த கீ என்று அவனே ஒதுக்க வேண்டும். லீவர்களின் வரிசையிலேயே ஒதுக்கினான். ஆள்காட்டி விரலுக்குக் கொத்து. நடுவிரலுக்குத் தாவு. மோதிர விரலுக்கு ஓடு. சுண்டுவிரலுக்கு விளக்கு. விளக்கில்லாமலும் ஆடலாம், இருட்டில் தடவிக்கொண்டு. அதனால்தான் அதைச் சுண்டுவிரலுக்குக் கொடுத்தான்.

முதலில் அவனுடைய லேப்டாப்பிலேயே ஆடினாள். அதில் ஒரு தொல்லை. முன்னே, குனி இரண்டையும் அழுத்திக்கொண்டு கொத்த முடியவில்லை. மூன்றாவது கீயை லேப்டாப் விழுங்கிவிடும். தொப்பிக்காரன் பாறைக்கு முன்னால் மண்டி போட்டுச் சும்மா இருப்பான்.

"இவனுக்கும் என்ன மாதிரிதான் போல," என்றாள் அக்கா.

கீகளை மாற்றி மாற்றி ஒதுக்கிப் பார்த்தான். ஓரிடத்தில் சரியானால் இன்னோரிடத்தில் போயிற்று. கடைசியில் ஆபீஸில் தூக்கிப் போட வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு பழைய கீபோர்டைக் கொண்டுவந்தான். எழுத்துகள் தேய்ந்தது, ஓரம் உடைந்தது. செருகினான். மூன்று கீகளும் ஒன்றாக வேலை செய்தன. அன்று அவனுக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது.

தொப்பியில் விளக்கு கிடைக்கும் இருட்டுக் கட்டத்துக்கு அவள் போய்ச் சேர நான்கு நாட்கள் ஆயின. அங்கேதான் விளக்கு எரிந்தது.

அக்காவின் கணவர், மாமா, ஏழு மணிக்கு வந்தார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அன்று நீலம். காது மடல் வரை நீலம்.

"உக்காருங்க," என்றாள் அக்கா.

"குளிச்சிட்டு வரேன்."

"உக்காருங்கன்னா."

அவர் நாற்காலியில் நாளிதழை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். அக்கா ஆடிக் காட்டினாள். விளக்கு எரிந்தது. மாமா திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, குனிந்து, கண்ணைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"திரும்ப."

திரும்ப எரிந்தது.

"இறங்குதா மச்சான்? கீ?"

"இறங்குற மாதிரிதான் இருக்கு," என்றான் தம்பி. அப்படித்தான் இருந்தது. கீ இறங்கியதைப் பார்த்ததாகவே நினைத்தான்.

மாமா நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்தார். நீலம் மூக்குக்கும் வந்தது.

"ஆறு மாசமா தண்டச் சோறு தின்னுட்டு கிடந்துச்சு இந்த விரலு," என்றார். "இப்பதான் வேலைக்குப் போகுது."

"உங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க."

"என் தம்பியாவது கூப்பிட்டா திரும்பிப் பாப்பான்."

அக்கா சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. மாமா குளிக்கப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

மற்ற நேரத்தில் விரல் அசையவில்லை. மேஜை மேல் வைத்து அசைக்கச் சொன்னால் அசையாது. கீபோர்டின் மேல் வைத்து, விளக்குக்காகவே அழுத்தினாலும் எரியாது. தாழ்வான சுரங்கத்தில் மட்டும்தான்.

"நெனச்சா வராது," என்றாள் அக்கா. "நெனைக்காம இருந்தா வருது. அங்க மூணு வேலை ஒண்ணா நடக்குது பாரு, மனசு அதுல இருக்கும். அப்ப இது தானா வருது. வண்டியிலயும் அப்படித்தான். லீவரைப் பத்தி நெனச்சா பெட்டி விழும்."

அதில் தவறு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. அக்காவை பிசியோதெரபிக்கு அழைத்துப் போனார். தம்பிக்கு வார விடுமுறை. வீட்டில் இருந்தான்.

சாப்பிட ரொட்டி எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அக்கா விட்ட இடத்தில் தொப்பிக்காரன் நின்றிருந்தான். ரொட்டி வலது கையில் இருந்தது. கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிக் கொத்தினான். இடது கையால் முன்னே போகும் கீயை அழுத்தினான். சுரங்கம் தாழ்ந்தது. குனிந்தான்.

விளக்கு எரிந்தது.

ரொட்டியை மென்று முடிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தான். வெளிச்சமும் நின்றது. கடைசி கீயின் மேல் ஒன்றும் இல்லை. ரொட்டித் துகள் ஒன்று விழுந்திருந்தது. அது மட்டும்.

ஸ்பூன் காம்பைக் கொடுத்து அந்த கீயின் மூடியை நெம்பி எடுத்தான். கீழே சின்ன ரப்பர் குமிழ். மறுபடி ஆடினான். மூடி இல்லாத கீயும் விளக்கை ஏற்றியது.

கீபோர்டைத் திருப்பித் திருகுகளைக் கழற்றினான். உள்ளே இரண்டு கண்ணாடித் தாள் போன்ற பிளாஸ்டிக், அவற்றில் வெள்ளிக் கோடுகள். ஒன்றில் குறுக்காக, மற்றதில் நெடுக்காக. ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும் இடம்தான் ஒரு கீ. முன்னே போகும் கீயிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு போனான். அது கொத்துக்குப் போயிற்று. கொத்திலிருந்து இன்னொரு கோடு விளக்குக்குப் போயிற்று. விளக்கிலிருந்து குனிக்கு. குனியிலிருந்து மறுபடி முன்னேவுக்கு. கீபோர்டின் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தாலும், கோடுகளுக்குள் அவை ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள். மூன்று மூலைகளை அழுத்தினால் மின்சாரம் சுற்றிக்கொண்டு நான்காவதுக்கும் போகும். கீபோர்டுக்கு வித்தியாசம் தெரியாது. நான்காவதும் அழுத்தப்பட்டது என்று சொல்லிவிடும்.

லேப்டாப்புக்கு அது தெரிந்திருந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் மூன்றாவதை விழுங்கிவிட்டது. அதைத்தான் அவன் கோளாறு என்று நினைத்தான்.

திருகுகளைத் திரும்ப முடுக்கினான். மூடியை அழுத்திப் பொருத்தினான். எங்கே வைத்திருந்தாளோ அங்கே வைத்தான்.

அவர்கள் நான்கு மணிக்கு வந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"விரலுக்கு நடுவுல ஒரு பேப்பர வெச்சு, இறுக்கிப் பிடின்னாங்க," என்றாள் அக்கா. செருப்பைக் காலாலேயே கழற்றினாள். "பிடிச்சேன். இழுத்தாங்க. வந்துடுச்சு."

"அப்ப?"

"அப்ப என்ன? அங்க கேம் இல்லையே. நான் கேம் பத்திச் சொன்னேன். அந்தப் பொண்ணு, நல்லதுதான், ஆனா நான் கண்ணால பாக்கணும்னு சொல்லிச்சு. கண்ண மூடிட்டுப் பழகுங்க, விரலப் பாத்துட்டே இருக்காதீங்கன்னு சொல்லிச்சு. நான் சொன்னதுதான். நெனைக்கக் கூடாது."

மாமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் அவர் வாயில் டம்ளர் இருந்தது.

"அக்கா," என்றான் தம்பி. "கீபோர்டு பழசு. அதுல ஏதோ கோளாறு இருக்கும்னு தோணுது."

"என்ன கோளாறு?"

"அது சில நேரம் தப்பா காட்டும். அமுக்காததையும் அமுக்கினதா."

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொல்லுவா. நான் நல்லாத்தான் ஆடுறேன். இவன் ஏன் கூடம் கோணல்ங்கறான்?"

"பொறாமை," என்றார் மாமா. "சின்ன வயசுல நீ ஜெயிச்சதுக்கு."

"இவன் எங்க என்ன ஆட விட்டான்? பெட்டிய மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சவன் இவன்." அவள் கீபோர்டை வருடினாள். "இதுல கை வெக்காத. இது ராசியான கீபோர்டு. புதுசு கிதுசு வாங்கிட்டு வந்து நிக்காத."

அவன் வாய் திறந்தது. அவள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் சுண்டுவிரலைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

பின்பக்கம் மாமா பெயின்ட் கரைக்கும் தின்னரை ஊற்றிப் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். தம்பி போய் நின்றான். சொன்னான். சதுரத்தைத் தரையில் விரலால் போட்டுக் காட்டினான். மாமா மூன்று மூலைகளைப் பார்த்தார். நான்காவதைப் பார்த்தார்.

"நிச்சயமா?"

"மூடியக் கழட்டிட்டே பாத்தேன் மாமா."

மாமா பிரஷை டப்பாவில் முக்கினார். எடுத்தார். நீலம் சொட்டியது. மறுபடி முக்கினார்.

"நீதானே மாட்டின," என்றார்.

"நான்தான்."

"அப்ப நீதான் சொல்லணும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும்."

"இப்பவே சொல்லிடட்டுமா?"

மாமா பிரஷை உதறினார். உள்ளேயிருந்து சுரங்கத்தின் இசை கேட்டது. தொப்பிக்காரன் குனியும்போது அது தணியும். தணிந்தது.

"மாத்திரை இல்லாம தூங்குறா," என்றார். "மூணு நாளா. இன்னிக்கும் தூங்கட்டும். காலையில எழுந்ததும் சொல்லு. நானும் பக்கத்துல இருக்கேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல, போன் பண்ணி கேட் வேலைக்குச் சரின்னு சொல்லிக்கலாம்."

அது சரியாகத்தான் பட்டது.

காலையில் தம்பி எழுந்தபோது அக்கா முன்னறையில் நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். கிடங்கில் காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. சூப்பர்வைசரை அப்போதுதான் பிடிக்க முடியும். அதற்குப் பிறகு அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

"ஆமா சார். வேணாம். நல்லா யோசிச்சிட்டேன்... இல்ல சார், கேட்டுக்கு அவரையே போடுங்க, பாவம், கால வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்... வருது சார். நெசமாத்தான். திங்கக்கிழமை டாக்டர் பாக்கட்டும்." சிரித்தாள். "என் வண்டிய அந்த முரடனுக்குக் குடுத்து வெச்சிருக்கீங்களாம். லீவரெல்லாம் லூசாயிருக்கும். சொல்லி வைங்க, ஆர்மோனியம் வருதுன்னு."

போனை வைத்தாள். அவன் நிற்பதைப் பார்த்தாள்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற. பல்லு வெளக்கு போ."

மாமா படுக்கையறை வாசலில் நின்றார். வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார். தம்பியைப் பார்க்கவில்லை.

அன்று ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அவன் கிடங்குக்குப் போன் செய்தான். யார் யாரோ எடுத்தார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். அவன் வழக்கமாக மற்றவர்களைக் காத்திருக்க வைக்கும் அதே இசை. கடைசியில் சூப்பர்வைசர் வந்தார்.

"அக்கா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க சார். கேட் வேலையே..."

"யாரு, ஆர்மோனியத்தோட தம்பியா? அடடா. அந்த ஆளு பத்து மணிக்கே வந்து உக்காந்துட்டாரேப்பா. வீட்டுல இருந்து தலகாணிகூடக் கொண்டு வந்துட்டாரு. இப்ப எழுப்ப முடியுமா, சொல்லு. ஏன், விரல் வந்துடுச்சுன்னு சொல்லிச்சே?"

"வந்துடுச்சு சார்," என்றான்.

"அப்புறம் என்ன?"

சாயங்காலம் மாமாவிடம் சொன்னான். மாமா கேட்டுக்கொண்டார்.

"இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றார் முதலில். கொஞ்சம் கழித்து, "சொல்லாம மட்டும் என்ன ஆகப் போகுது," என்றார்.

சனிக்கிழமை காலை தம்பி, அக்கா குளிக்கும்போது, எமுலேட்டரைத் திறந்து விளக்கை வேறொரு கீக்கு மாற்றினான். பக்கத்து கீ. அதற்கும் மற்ற மூன்றுக்கும் சம்பந்தம் இல்லை. விளக்கு எரியாமல் போனால் அவளே புரிந்துகொள்வாள் என்று நினைத்தான். அல்லது, விரல் மறுபடி போய்விட்டது என்று நினைத்துக்கொள்வாள். இரண்டில் எது ஆனாலும் திங்கட்கிழமை டாக்டர் முன்னால் முதல்முறையாகத் தெரிந்துகொள்வதைவிட மேல்.

"சுண்டுவிரல ஒரு கீ தள்ளி வைக்கா," என்றான். "மணிக்கட்டு நேரா இருக்கும்."

அவள் தள்ளி வைத்தாள். ஆடினாள். எரியவில்லை.

"இன்னும் சூடு ஏறல," என்றாள்.

பதினோரு மணிக்கும் எரியவில்லை. அவள் பேசுவதை நிறுத்தினாள். ஒரு மணிக்கு மாமா சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தட்டு அப்படியே இருந்தது. தொப்பிக்காரன் அதே சுரங்கத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி போனான். இருட்டில் கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மணிக்கு அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையால் வலது கையை அறைந்தாள். ஓசை வர அறைந்தாள். சுண்டுவிரலைத்தான் அறைந்தாள். அதற்கு வலிக்காது என்று அவளுக்கும் தெரியும்.

"நேத்து வந்தியே," என்றாள் அதனிடம். "நேத்து வந்தியே, சனியனே."

மாமா தம்பியைப் பார்த்தார். அதுவரை அவர் அவனை அப்படிப் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"காபி போடறேன்," என்றார் அக்காவிடம். "வா. வந்து அடுப்பு பக்கத்துல நில்லு. அஞ்சு நிமிஷம்."

அவள் எழுந்து போனாள். தம்பி விளக்கைப் பழைய கீக்கு மாற்றினான். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் திரும்பி வந்தபோது, "பழைய இடத்துலயே வெச்சுப் பாரேன்," என்றான். "நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

எரிந்தது.

அக்கா கைகளை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தாள். பிறகு திரும்பி அவன் தலையில் குட்டினாள். வலிக்கும்படி, இடது கையால்.

"இனிமே என் கைக்கு நீ இடம் சொல்லாத. பாவி, உயிர எடுத்துட்டான்."

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆறியதைச் சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை. மாமா வெளியே போகவில்லை. அக்கா தன் கிடங்குச் சட்டையைத் தேய்த்து நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தாள். பாதுகாப்பு ஷூவை எடுத்து வாசலில் வைத்திருந்தாள். ஆறு மாதத் தூசியை மாமா துடைத்துக் கொடுத்திருந்தார். அவள் கேட்டாள், அவர் துடைத்தார்.

"நாளைக்கு டாக்டர் முன்னாடி கேம் இருக்காது," என்றாள். "திரையப் பாக்காம வரணும். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி கண்ண மூடிட்டுப் பழகறேன். நீ பக்கத்துல உக்காரு. எரிஞ்சா சொல்லு. அத வெச்சு, எப்ப வருதுன்னு நான் உள்ளுக்குள்ள பிடிச்சுக்கறேன். அப்புறம் நாளைக்கு அதே மாதிரி அங்க விட்டுடலாம்."

தம்பி அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தான்.

இரவெல்லாம் அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். பேச்சால் முடியாது. பேசினால் அவள் சிரிப்பாள், அல்லது மாமா ஏதாவது சொல்வார், அல்லது அவன் குரல் ஆபீஸ் குரலாகிவிடும். காட்ட வேண்டும். அவள் சொன்னதே அதற்கு வழியாக அமைந்தது.

"கண்ண மூடிக்கோக்கா."

அவள் மூடிக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். வண்டியில் அப்படித்தான் உட்காருவாள். இடது கை முன்னேவில் இறங்கியது. தொப்பிக்காரன் நடந்தான். வழி அவளுக்கு மனப்பாடம். ஒரு பள்ளம், ஒரு ஏணி, ஒரு வளைவு. இசையைக் கேட்டே தாவினாள், ஏறினாள்.

தம்பி கையை நீட்டினான். அவள் சுண்டுவிரலைத் தன் இரண்டு விரல்களால் பிடித்துக் கீயிலிருந்து தூக்கினான். அவளுக்குத் தெரியவில்லை. ஒரு அங்குலம் தள்ளி, தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். விரல் வெதுவெதுப்பாக இருந்தது. கெட்டில் சுட்ட தழும்பு வழுவழுப்பாக இருந்தது. இதில் ஏதாவது ஒரு துடிப்பு இருக்கும் என்று அந்த நேரத்திலும் காத்திருந்தான்.

எரிந்ததும் சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. கண்ணைத் திறந்து பாருக்கா. திறந்தால் போதும். விளக்கு இங்கே, விரல் அங்கே. மீதியை அவளே பார்த்துக்கொள்வாள்.

மாமா சமையலறை வாசலில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். தம்பியின் கையைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

சுரங்கம் தாழ்ந்தது. இசை தணிந்தது. அக்கா குனிந்தாள். ஆள்காட்டி விரல் கொத்தியது.

மஞ்சள் வெளிச்சம் பாறை மேல் விழுந்தது. தம்பியின் உள்ளங்கையில் விரல் அசையாமல் கிடந்தது.

அக்காவின் மூடிய கண்களுக்குக் கீழே முகம் முழுக்க ஒரு கவனம் இருந்தது, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள் போல. உதடு மெல்ல விரிந்தது.

"வருது," என்றாள். "இப்ப எனக்கே தெரியுது. டேய், எரியுதா?"

மாமா சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லேண்டா. எரியுதா?"